இரண்டு சாண் திரை: வீட்டில் 4கே டிவி இருக்கும்போது தியேட்டருக்கு எதற்குப் போவது?

கேள்வி இதுதான்: வீட்டில் 55 அங்குல 4கே டிவி இருக்கிறது, சவுண்ட்பார் இருக்கிறது, ஓடிடி சந்தாவும் கட்டுகிறோம். தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நான்கு வாரத்தில் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. நான்கு பேர் கிளம்பினால் டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன் என்று ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது. இனியும் தியேட்டருக்குப் போய் என்ன கிடைக்கப் போகிறது?

வீட்டில் கிடைக்காதது அங்கே கிடைக்கும். ஆனால் எல்லாத் தியேட்டரிலும், எல்லா இருக்கையிலும் கிடைக்காது. இடம் தவறினால் வீட்டில் பார்ப்பதைவிட மட்டமாகவே இருக்கும். "தியேட்டர்ல அப்படி என்ன பெருசா இருக்கு" என்று கேட்கிற பலர், கடைசி வரிசை டிக்கெட்டையே எப்போதும் எடுக்கிறவர்களாக இருப்பார்கள். அதனால் திரையின் அளவில் இருந்தே தொடங்குகிறேன்.

55 அங்குல டிவியின் அகலம் 4 அடி. சோபா 10 அடி தள்ளிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து பார்க்கும்போது படம் உங்கள் பார்வையில் சுமார் 23 டிகிரி அகலத்தை நிரப்பும். படம் சினிமாஸ்கோப் என்ற அகலத் திரை வடிவில் எடுத்ததாக இருந்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். டிவியின் 27 அங்குல உயரத்தில் 20 அங்குலம்தான் படம், மீதி வீண். இப்போது 40 அடி அகலத் திரை உள்ள தியேட்டருக்கு வாருங்கள். 60 அடி தள்ளி உட்கார்ந்தால் 37 டிகிரி. 40 அடியில் உட்கார்ந்தால் 53 டிகிரி. 100 அடி தள்ளி, பால்கனியின் கடைசியில் உட்கார்ந்தால்? மறுபடியும் அதே 23 டிகிரி. கண்ணுக்கு அது உங்கள் வீட்டு டிவியின் அளவுதான். காசு கொடுத்து, வண்டி ஓட்டிப் போய், வீட்டு டிவி அளவுக்கே படம் பார்த்துவிட்டு வருகிறோம்.

இதை அளக்க நாடா வேண்டாம், கை போதும். கையை நேராக நீட்டி, கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் இடையே ஒரு சாண் விரியுங்கள். அது ஏறக்குறைய 20 டிகிரி. வீட்டு டிவி ஏறக்குறைய ஒரு சாண்தான் வரும். தியேட்டரில் திரையின் இடது ஓரத்தில் இருந்து வலது ஓரம் வரை இரண்டு சாண் வர வேண்டும். இரண்டுக்கு மேல் இரண்டரை வரை போனாலும் நல்லது. ஒன்றரைக்குக் கீழே போனால் அந்த இருக்கை வேண்டாம். தூரமாகச் சொன்னால், திரையின் அகலத்தைப் போல ஒரு மடங்குக்கும் ஒன்றரை மடங்குக்கும் இடையில் உட்கார வேண்டும்.

14 வரிசை உள்ள சாதாரண மல்டிபிளெக்ஸ் அரங்கில் இது திரையில் இருந்து எண்ணினால் ஆறாவது வரிசையில் இருந்து பத்தாவது வரை வரும். டிக்கெட் எடுக்கும் செயலியில் ஒன்றைக் கவனியுங்கள். சில தியேட்டரில் 'ஏ' வரிசை திரைக்குப் பக்கம், சில தியேட்டரில் 'ஏ' கடைசி வரிசை. எழுத்தைப் பார்த்து எடுக்காதீர்கள், படத்தில் திரை எந்தப் பக்கம் காட்டியிருக்கிறது என்று பார்த்து எண்ணுங்கள். பழைய பெரிய தியேட்டர்களில் பால்கனிக்கு விலை கூட, கீழே குறைவு. அந்த விலை மரியாதைக்கு வைத்த விலை, படத்தின் அளவுக்கு வைத்தது அல்ல. 1952-ல் மதுரையில் திறந்த தங்கம் தியேட்டரில் 2563 இருக்கைகள். அவ்வளவு பெரிய கூடத்தில் கீழ்த் தளத்து நடு வரிசைக்காரர் பார்த்த படமும் பால்கனிக் கடைசிக்காரர் பார்த்த படமும் அளவில் ஒன்றாக இருந்திருக்க முடியாது. இன்றைக்கும் பால்கனி உள்ள தியேட்டரில் அதன் முதல் இரண்டு வரிசை, இல்லையென்றால் கீழ்த் தளத்தின் நடு. இந்த இரண்டும்தான் சரியான இடம். முதல் மூன்று வரிசை கழுத்து வலிக்கு.

அடுத்து படத்தின் தரம். இதில் டிவிக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். தியேட்டர் திரையின் நடுவில் வெள்ளை நிறத்துக்கு வகுத்த அளவு 48 நிட் (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அலகு). உங்கள் டிவி சாதாரணமாகவே 300, 400 நிட் கொடுக்கும். ஓஎல்இடி டிவியின் கறுப்பு முழுக் கறுப்பு. புரொஜெக்டரின் கறுப்பு எப்போதும் கொஞ்சம் சாம்பல்தான். பல அரங்குகளில் இன்னும் 2கே புரொஜெக்டர்தான் ஓடுகிறது. எண்ணிக்கையில் உங்கள் டிவிக்குப் பிக்சல் அதிகம்.

பிறகு ஏன் தியேட்டர் படம் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது? ஒரு காரணம், அனுப்பும் தரவின் அளவு. தியேட்டருக்கு வரும் டிஜிட்டல் பிரதியில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனிப் படமாகச் சுருக்கப்பட்டிருக்கும். விநாடிக்கு 250 மெகாபிட் வரை போகலாம். ஓடிடியில் 4கே படமே பெரும்பாலும் 15-இல் இருந்து 25 மெகாபிட்டுக்குள் வருகிறது. இரண்டரை மணி நேரப் படம் தியேட்டர் சர்வரில் 280 ஜிபி வரைகூட இடம் பிடிக்கும். அதே படம் வீட்டுக்கு 20 ஜிபி சுற்றளவில் வந்து சேரும். வித்தியாசம் எங்கே தெரியும் என்றால் மழை, புகை, தூசி, திருவிழாக் கூட்டம், இருட்டில் ஒற்றை விளக்கு. மழைக் காட்சியில் டிவியில் முகத்தைச் சுற்றிக் கட்டம் கட்டமாக ஏதோ நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். இருட்டு வானத்தில் படிக்கட்டுப் போல வளையங்கள் தெரியும். தியேட்டரில் அது வராது. இரண்டாவது காரணம் இருட்டு. 48 நிட் வெளிச்சத்துக்கென்றே நிறம் சேர்த்த படம் அது. அறை முழு இருட்டாக இருந்தால் சில நிமிடங்களில் கண் பழகி, நிழலுக்குள் இருக்கும் விவரம் எல்லாம் தெரிய ஆரம்பிக்கும். வீட்டில் டியூப்லைட் எரிந்துகொண்டே பார்த்தால் அந்த நிழல்கள் அத்தனையும் போய்விடும். (வீட்டில் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: டிவியின் 'விவிட்' மோடை விட்டு 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' மோடுக்கு மாற்றுங்கள், அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். சினிமா சீரியல் போலத் தெரிவதற்குக் காரணம் அதுதான்.)

தியேட்டரில் படம் கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பராமரிப்பு. லேசர் அல்லாத புரொஜெக்டர்களில் உள்ள செனான் விளக்கு ஓட ஓட மங்கும். மாற்றுவதற்குச் செலவு என்பதால் காலம் கடந்தும் ஓட்டுவார்கள். புரொஜெக்டர் அறைக் கண்ணாடியில் தூசி படியும், திரையிலும் படியும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. 3டி காட்டுவதற்கு லென்ஸ் முன்னால் வைக்கும் போலரைசர் ஃபில்டரை 2டி படத்துக்கு நகர்த்தாமல் விட்டால் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். இந்த வகை 3டி அரங்குகளில் வெள்ளி பூசிய திரை இருக்கும். அதில் நடுவில் மட்டும் பளபளப்பு, ஓரங்களில் மங்கல், பக்கவாட்டு இருக்கையில் இருந்து பார்த்தால் இன்னும் மங்கல். 3டி படத்துக்கே வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்துதான் கண்ணுக்கு வரும். அதனால் 3டி, 2டி இரண்டும் ஓடுகிற படமாக இருந்தால், 3டி கேமராவில் எடுத்த படம் என்று உறுதியாகத் தெரிந்தாலொழிய 2டியையே எடுங்கள். லேசர் புரொஜெக்டர் உள்ள அரங்கில் விளக்கு மங்கும் தொல்லை மிகக் குறைவு. அது எந்த ஸ்கிரீனில் இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

சரிபார்க்க எளிய வழி டைட்டில் கார்டு. வெள்ளை எழுத்தின் ஓரம் கத்தி போல இருக்கிறதா? ஓரத்தில் சிவப்போ நீலமோ நிழலாகப் பிசிறினால் மூன்று நிறமும் ஒன்றன் மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. நடுவில் இருக்கும் பெயர் பளிச்சென்றும் மூலையில் இருக்கும் பெயர் மங்கியும் தெரிந்தால் விளக்கைச் சரியாகப் பொருத்தவில்லை, அல்லது அது வெள்ளித் திரை.

ஒலிக்கு வருவோம். என்னைக் கேட்டால் தியேட்டருக்குப் போவதற்கு முதல் காரணம் ஒலிதான், படம் அதற்குப் பிறகு. வாய்ப்புக் கிடைத்தால் படம் தொடங்கும் முன் திரைக்கு அருகில் போய்ப் பாருங்கள். தூரத்தில் வெள்ளைத் துணியாகத் தெரிவது பக்கத்தில் சல்லடையாக இருக்கும். ஒரு மில்லிமீட்டர் அளவிலான துளைகள், திரை முழுவதும். அதற்குப் பின்னால் ஆள் உயரத்துக்கும் மேலான மூன்று ஸ்பீக்கர்கள் நிற்கின்றன: இடது, நடு, வலது. வசனம் வருவது நடு ஸ்பீக்கரில். கதாநாயகி பேசும்போது குரல் அவர் வாயில் இருந்தே வருவது போல இருப்பதற்கு இதுதான் காரணம். வீட்டில் குரல் டிவிக்குக் கீழே இருக்கும் சவுண்ட்பாரில் இருந்து வருகிறது. நாம் பழகிவிட்டோம், அவ்வளவுதான்.

பெரிய வித்தியாசம் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி. தியேட்டரில் திரைக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரும் 85 டெசிபலுக்குச் சமன் செய்யப்பட்டிருக்கும். அதற்கு மேல் 20 டெசிபல் இடம் விட்டு, உச்சம் 105 வரை போகலாம். கீழே, ஏசி சத்தம் சரியாக அடக்கப்பட்ட அரங்கில் பெருமூச்சுகூடக் கேட்கும். வீட்டில் என்ன நடக்கிறது? மின்விசிறி ஐந்தில் ஓடுகிறது, அடுப்படியில் குக்கர், தெருவில் வண்டி. கிசுகிசுப்பு வந்தால் காதில் விழாது, ரிமோட்டை எடுத்துக் கூட்டுகிறோம். அடுத்த நிமிடம் சண்டை, "குறைங்க, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்" என்று குறைக்கிறோம். இரண்டரை மணி நேரமும் நாமே ரிமோட்டால் ஒலிக்கலவை செய்துகொண்டிருக்கிறோம். படத்தில் திட்டமிட்டு வைத்த அமைதியும் போகிறது, அதை உடைக்கும் அடியும் போகிறது. அதனால்தான் "பெரிய படம் தியேட்டருக்கு, சின்னப் படம் ஓடிடிக்கு" என்ற பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. குண்டு வெடிப்பைச் சவுண்ட்பார்கூட ஓரளவு சமாளிக்கும். ஒருவர் வாசலில் நின்று தயங்கும் அமைதியை மின்விசிறி ஓடும் வீட்டில் கேட்க முடியாது. பேச்சு குறைவாக உள்ள சின்னப் படத்துக்குத்தான் தியேட்டர் அதிகம் தேவை.

ஒலியை மேலிருந்தும் சுற்றிலும் வரவைக்கும் டால்பி அட்மாஸ் முறை 2012-ல் வந்தது. 128 ஒலித்தடங்கள் வரை, 64 ஸ்பீக்கர் வழிகள் வரை கையாளும். கூரையிலும் ஸ்பீக்கர் இருக்கும். சவுண்ட்பார் அட்டையில் அதே பெயர் போட்டிருந்தாலும், பெரும்பாலும் அது ஒலியைக் கூரையில் மோதவிட்டுத் திருப்பி அனுப்பும் வேலை. உங்கள் கூரை ஓட்டுக்கூரையாகவோ சாய்வாகவோ இருந்தால் அது எடுபடாது.

ஒலிக்கு நல்ல இடம், திரையில் இருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரம், நடுவில். இரண்டு சாண் கணக்கும் பெரும்பாலும் இங்கேதான் கொண்டுவந்து விடும். பக்கச் சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அந்தச் சுவரின் ஸ்பீக்கர் மட்டும் காதை அடைக்கும். பால்கனிக்கு அடியில் உள்ளே தள்ளி உட்கார்ந்தால் மேலிருந்து வரும் ஒலி மறைந்துவிடும். கடைசிச் சுவரை ஒட்டிய வரிசையில் பேஸ் குவிந்து கொழகொழவென்று கேட்கும். 100 அடி தள்ளி உட்கார்ந்தவருக்கு ஒலி வந்து சேர ஏறக்குறைய 90 மில்லி விநாடி ஆகும், அதாவது இரண்டு ஃபிரேம் தாமதம். உதடு அசைவும் குரலும் பிசகுவது போலத் தோன்றினால் டப்பிங் மீது பழி போடும் முன் நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

"டயலாக்கே புரியல" என்பது தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் அடிக்கடி கேட்கும் குறை. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, ஃபேடர். ஒலிப் பெட்டியில் ஒரு குமிழ் இருக்கும், 7.0 என்பதுதான் கலவைக்கூடத்தில் கேட்ட அளவு. விளம்பரமும் டிரெய்லரும் காது கிழியும்படி வருவதால் யாராவது புகார் சொல்வார்கள். ஆபரேட்டர் 5.0-க்கு இறக்குவார், படம் ஆரம்பித்த பிறகு ஏற்ற மறந்துவிடுவார். அந்த இரண்டு புள்ளிக்கு ஏறக்குறைய 7 டெசிபல் குறையும். அடிதடி அப்போதும் கேட்கும், முணுமுணுப்பு தொலைந்துவிடும். இரண்டு, நடு ஸ்பீக்கரின் மேல்பகுதியில் உள்ள, கூர்மையான ஒலிகளைத் தரும் ஹார்ன் போயிருக்கும். குரல் போர்வைக்குள் இருந்து வருவது போலக் கேட்கும், 'ஸ', 'ஷ' ஒலிகள் மழுங்கும். பாட்டு ஓரளவு நன்றாக இருந்து, பேச்சு மட்டும் இப்படி இருந்தால் சந்தேகமே வேண்டாம், இதுதான். மூன்று, கலவையிலேயே பின்னணி இசை வசனத்தை மூழ்கடித்திருக்கும். மூன்றாவதற்குத் தியேட்டர்காரர் ஒன்றும் செய்ய முடியாது. அதே படத்தை இன்னொரு நல்ல அரங்கில் பார்த்தவரிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

குறை இருந்தால் முதல் பத்து நிமிடத்திலேயே எழுந்து போய்ச் சொல்லுங்கள். இடைவேளை வரை பொறுத்திருந்தால் பாதிப் படம் போய்விடும். பல மல்டிபிளெக்ஸ்களில் புரொஜெக்டர் அறையில் ஆளே இருக்க மாட்டார், எல்லாம் நேரம் குறித்துத் தானாக ஓடும். நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். "சரியில்ல" என்று மட்டும் சொல்லாமல், "சென்டர் ஸ்பீக்கர் வரல", "3டி ஃபில்டர் நகர்த்தலையா பாருங்க", "ஃபேடர் எவ்வளவுல இருக்கு?" என்று கேளுங்கள். தெரிந்து கேட்கிறார் என்றதும் வேலை நடக்கும். முதல் நாள் காட்சி தாமதமானால் மட்டும் மேலாளரிடம் சண்டை வேண்டாம். படம் பூட்டிய கோப்பாக வருகிறது. அந்தத் தியேட்டரின் அந்த சர்வருக்கு மட்டும், குறித்த தேதிகளுக்கு மட்டும் செல்லுபடியாகும் கேடிஎம் என்ற டிஜிட்டல் சாவி வந்தால்தான் திறக்கும். தயாரிப்புத் தரப்பில் பணப் பாக்கி தீராமல் சாவி தாமதமானால் தியேட்டர்காரரும் உங்களைப் போலக் காத்திருப்பவர்தான்.

இனி கூட்டம். அளவு, ஒலி இரண்டையும் பணம் இருந்தால் வீட்டில் ஓரளவு கட்டிவிடலாம். தனி அறை, புரொஜெக்டர், ஏழு ஸ்பீக்கர் என்று செய்தவர்கள் இருக்கிறார்கள். முந்நூறு பேரை வீட்டுக்குக் கூட்டி வர முடியாது. நம் வணிகப் படங்கள் அந்த முந்நூறு பேரை மனதில் வைத்தே வெட்டி ஒட்டப்படுகின்றன. கதாநாயகன் அறிமுகத்தில் முகம் தெரிந்த பிறகு வசனம் உடனே வராது. நடப்பார், திரும்புவார், இசை இரண்டு சுற்று ஓடும். விசிலுக்கும் கைதட்டலுக்கும் விட்டு வைத்த இடம் அது. வீட்டில் தனியாகப் பார்க்கும்போது அதே இடம் காலியாக, இழுவையாகத் தெரிகிறது. நகைச்சுவையிலும் ஒரு சிரிப்பு அடங்க எடிட்டர் நேரம் கொடுத்திருப்பார். சிரிக்க ஆள் இல்லாத வீட்டில் அந்த இடைவெளி ஜோக்கையே கொன்றுவிடும். நம் திரைக்கதையே இடைவேளையை முன்வைத்துக் கட்டப்படுகிறது. முதல் பாதி முடியும் திருப்பத்தோடு விளக்கு எரிந்து, பன்னிரண்டு பதினைந்து நிமிடம் டீக்கடை வரிசையில் நின்று "இனி என்ன ஆகும்" என்று பேசுவதும் படத்தின் பகுதிதான். வீட்டில் அந்த இடத்துக்கு வரும் முன்பே நான்கு முறை நிறுத்தியிருப்போம்.

கூட்டத்துக்கும் நாள் பார்க்க வேண்டும். கொண்டாட்டம் வேண்டுமென்றால் முதல் நாள் முதல் காட்சி, ஆனால் வசனத்தில் பாதி விசிலில் போகும் என்று தெரிந்தே போங்கள். படமும் கேட்க வேண்டும், கூட்டமும் இருக்க வேண்டும் என்றால் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சி. குடும்பங்கள் வரும், சிரிப்பு இருக்கும், கூச்சல் குறைவு. அமைதியாகப் பார்க்க திங்கள், செவ்வாய் மாலை. இரண்டாவது வாரம் காத்திருந்தால் படம் பெரிய ஸ்கிரீனில் இருந்து சின்ன ஸ்கிரீனுக்கு மாற்றப்பட்டிருக்கும், டிக்கெட் எடுக்கும் முன் ஸ்கிரீன் எண்ணைப் பாருங்கள்.

நான்கு பேர் குடும்பத்துக்கு என் கணக்கு இப்படி. மாதம் மூன்று படத்துக்குக் கிடைத்த இடத்தில் உட்காருவதற்குப் பதில், ஒரு படம், நல்ல அரங்கு, சரியான வரிசை. ஒரே வசனக் களேபரமாக, ஒரே வீட்டுக்குள் நடக்கும் கதை நான்கு வாரம் காத்திருக்கலாம். முன்பே பார்த்த படத்தின் ரீமேக்கும் காத்திருக்கலாம். மழை, காடு, கடல், கூட்டம், இருட்டு, அமைதி இதில் எது படத்தில் முக்கியமோ அதற்குத் தியேட்டர். சின்னக் குழந்தை இருந்தால் பக்கச் சுவரையும் முன் வரிசையையும் தவிருங்கள், சத்தத்தைக் குறைக்க, காதை மூடும் ஹெட்போன் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 105 டெசிபல் பெரியவர் காதுக்கே அதிகம். மூட்டுவலி உள்ள பெரியவர்கள் வந்தால் நடு இருக்கையை விட்டுக்கொடுத்து அதே வரிசையின் ஓரம் எடுங்கள், பின்வரிசைக்குப் போக வேண்டாம். படிகளில் விளக்கு எரியும்போதே உட்கார்ந்துவிடும்படி கால் மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். நீங்கள் கேட்ட வரிசை அந்தக் காட்சியில் நிறைந்திருந்தால் மிச்சமிருக்கும் மூலை இருக்கைகளை எடுக்காமல் அடுத்த காட்சிக்குப் போடுங்கள்.